‘சமையல் கூடாது’ அறையும் 150 டாலர் மிச்சமும்: சிங்கப்பூரில் நான் தப்பாகப் போட்ட முதல் கணக்கு



சிங்கப்பூர் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவங்க என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "சார், மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" ரெண்டாவது கேள்வி வரி பற்றி. "அங்க நீங்க ராத்திரி என்ன சாப்பிடப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் சிரிக்கிறாங்க. ஆனா முதல் கேள்விக்கான பதில் பாதி அதுலதான் இருக்கு. இதை நான் படித்துத் தெரிஞ்சுக்கல. 550 டாலர் தொலைத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

2017 ஜூன். சி.ஏ. முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. சிங்கப்பூரில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் வேலை, சம்பளம் 3,800 டாலர். (இந்தக் கட்டுரையில் டாலர் என்றால் சிங்கப்பூர் டாலர். அப்போ ஒரு டாலர் சுமார் 47 ரூபாய்.) அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கின பர்சனல் லோன் பாக்கி இருந்துச்சு. "மாசம் ஒரு லட்சம் அனுப்பிடுறேன்ப்பா, ஒரு வருஷத்துல முடிச்சிடலாம்" என்று விமான நிலையத்துல வெச்சுச் சொல்லிட்டுப் போனேன்.

அறை தேடின கதை

தனி வீடு என்பது நம்மைப் போல தனியாகப் போறவங்களுக்கு எட்டாது. ஒரு குடும்பம் வசிக்கிற அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுப்போம். அங்கே பெரும்பாலான மக்கள் வசிப்பது எச்டிபி வீடுகளில்தான். சிங்கப்பூர் தமிழில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமா ‘வீவக’. குளியலறை உள்ளேயே இருந்தால் ‘மாஸ்டர் ரூம்’, பொதுக் குளியலறை என்றால் ‘காமன் ரூம்’.

எனக்கு ரெண்டு காமன் ரூம் கிடைச்சது, ரெண்டும் ஈசூனில். ஒன்று 550 டாலர், விளம்பரத்துல ‘சமையல் கூடாது’ என்று போட்டிருந்தது. இன்னொன்று 700 டாலர், சமையலறையைப் பயன்படுத்திக்கலாம். நான் என்ன செஞ்சிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். 150 டாலரை 47-ஆல் பெருக்கினேன். மாசம் 7,050 ரூபாய் மிச்சம்! "சமைக்கவே தெரியாதவனுக்கு எதுக்கு சமையலறை?" என்று ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டேன்.

ரெண்டு அறைக்கும் நடுவில் ‘லைட் குக்கிங்’ என்று ஒரு வகையும் இருக்கு. மேகி கிண்டலாம், முட்டை அவிக்கலாம், சூடு பண்ணலாம். கடுகு தாளிச்சால் அது லைட் கிடையாது. விளம்பரத்தில் இந்த வார்த்தையைப் பார்த்தால் அர்த்தத்தை வீட்டுக்காரரிடம் நேரா கேட்டுக்குங்க. "சாதம் வைக்கலாமா? தாளிக்கலாமா? என் அரிசி, பருப்புக்கு ஃப்ரிட்ஜிலும் அலமாரியிலும் இடம் உண்டா?" இந்த மூணு கேள்வியும் கட்டாயம். இந்தியர்களுக்கு அறை தர மாட்டோம் என்று முகத்துக்கு நேரா சொல்றவங்களையும் சந்திப்பீங்க. கேட்கும்போது வலிக்கும். அடுத்த வீட்டைப் பாருங்க, அவ்வளவுதான்.

எக்செல் சொன்ன உண்மை

முதல் மூணு மாசமும் வீட்டுக்கு 70 ஆயிரத்துக்கு மேல் அனுப்ப முடியல. முன்பணம், ஏஜென்ட் கமிஷன், மெத்தை, பக்கெட் என்று முதல் மாசத்துக்குக் காரணம் இருந்துச்சு. ரெண்டாவது மாசத்துக்கும் மூணாவது மாசத்துக்கும் சொல்ல காரணம் இல்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கல. "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ" என்றார். அம்மா தினமும் வீடியோ காலில் "சாப்டியா?" என்பாங்க. "சாதம் வெச்சு ரசம் வெச்சேம்மா" என்பேன். அடுப்பே இல்லாத அறையில் உட்கார்ந்துகிட்டுச் சொன்ன பொய் அது.

நாலாவது மாசம் வயிறு புண்ணாகி கிளினிக் போனேன். எடை ஆறு கிலோ குறைஞ்சிருந்தது. அன்னிக்கு ராத்திரி பில்களை எல்லாம் எக்செல்லில் போட்டேன்.

மதியம் ஆபீஸ் பக்கத்து இந்திய ரெஸ்டாரண்டில் 8 டாலர். ராத்திரி இன்னொரு இந்தியக் கடையில் 7 டாலர். ரெண்டும் சேர்த்து மாசம் 450. டீ, காபி, வடை என்று 90. ஞாயிற்றுக்கிழமை முஸ்தஃபாவுக்குப் போய் முறுக்கு, மிக்சர், பிஸ்கட் என்று அள்ளிட்டு வந்தது 70. மொத்தம் சாப்பாடு 610, அறை 550, ஆக 1,160 டாலர்.

ஊர் சாப்பாட்டைக் கடைசி வரைக்கும் ரெஸ்டாரண்டில் தேடினதுதான் என் தப்பு. ஆபீஸ் வாசலிலேயே ஒரு உணவங்காடி நிலையம் இருந்துச்சு. ‘ஹாக்கர் சென்டர்’ என்பதற்கு அங்கே பலகையிலேயே எழுதியிருக்கிற தமிழ்ப் பெயர் இது. நாலு மாசத்துல ரெண்டு தடவைதான் உள்ளே போயிருப்பேன். வாசனை பிடிக்கல, பெயர் புரியல, எதுல எது கலந்திருக்கும்னு பயம்.

அஞ்சாவது மாசம் ஒப்பந்தத்தை முறிச்சுட்டு வெளியே வந்தேன். முன்பணம் 550 டாலர் திரும்ப வரலை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்கல. பிறர் கணக்கை வரி வரியா படிக்கிறது என் தொழில் என்பதையும் சேர்த்துக்குங்க.

இரண்டாவது வீடு

700 டாலர் அறை போயிருந்தது. அதே வாடகையில் வேறொரு வீடு கிடைச்சது. எழுபது வயசு சீனப் பாட்டி தனியா இருந்தாங்க. அங்கே எல்லாரையும் போல நானும் ‘ஆன்ட்டி’ என்றேன், அவங்க என்னை ‘பாய்’ என்றாங்க. முதல் நாளே நிபந்தனை வந்துச்சு: "கறி சமைக்கலாம். புகை வரக்கூடாது."

முதல் வாரம் கடுகு வெடிச்சதும் ஓடி வந்து ஜன்னலைத் திறந்தாங்க. பிறகு ஒரு வழி கண்டுபிடிச்சோம். ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி கோயிலுக்குப் போகிற நேரத்தில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் மொத்தமா தாளிச்சு ஒரு சின்ன பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வெச்சிடுவேன். வாரம் முழுக்க ஒரு ஸ்பூன் எடுத்து ரசத்திலோ தயிர் சாதத்திலோ போட்டால் போதும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆன்ட்டி அரிசிக் கஞ்சி வெச்சுக் கொடுத்தாங்க. உடம்பு தேறினதும் நான் ரசம் கொடுத்தேன். குடிச்சுப் பார்த்துட்டு "டாம் யாம் மாதிரி இருக்கு" என்றாங்க. அதுக்கப்புறம் வாரத்துல ஒரு நாள் அவங்களே கேட்பாங்க.

மதிய சாப்பாட்டுக்கு ஆபீஸ் நண்பர்களோடு உணவங்காடி நிலையத்துக்குப் போக ஆரம்பிச்சேன். நீங்க போகும்போது பயப்படாம இருக்க சில விஷயங்கள்:

எகானமி ரைஸ்: நம்ம மெஸ் மாதிரிதான். சாதம் வாங்கிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கறிகளைக் கை காட்டினால் போட்டுக் கொடுப்பாங்க. காய் ரெண்டு, முட்டை ஒண்ணு என்று எடுத்தால் மலிவு. மீன் என்றால் விலை ஏறும், கை காட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

சைவம் சாப்பிடுறவங்க: சீன சைவக் கடைகள் பல இடத்தில் உண்டு. அங்கே பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூட சேர்க்க மாட்டாங்க. மற்ற கடைகளில் ‘வெறும் காய்’ என்று சொன்னால் போதாது. சம்பலில் இறால் விழுது இருக்கலாம், கீரையில் சிப்பி சாஸ் இருக்கலாம், மேலே நெத்திலி தூவியிருக்கலாம். பெயர் சொல்லிக் கேளுங்க.

டீ, காபி: சும்மா ‘தே’ என்றால் இனிப்பான கெட்டிப்பால் ஊத்தின டீ. ‘தே ஓ’ என்றால் பால் இல்லாமல், சர்க்கரையோடு. ‘தே ஓ கோசோங்’ என்றால் ரெண்டும் இல்லை. ‘தே சி’ என்றால் ஆவியாக்கிய பாலோடு. காபிக்கு ‘தே’ இடத்தில் ‘கோப்பி’ போட்டுக்குங்க.

மேஜையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடிச்சிருக்காங்க என்று அர்த்தம். எடுத்துடாதீங்க. சாப்பிட்ட தட்டை நீங்கதான் அதற்கான இடத்தில் கொண்டு போய் வைக்கணும். 2021-லிருந்து இது சட்டப்படியே கட்டாயம்.

தேக்கா சந்தை: லிட்டில் இந்தியாவில் இருக்கு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழை இலை வரைக்கும் கிடைக்கும். ஆனா வாரா வாரம் ஓட வேண்டாம். தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கு வீட்டுக்குப் பக்கத்துச் சந்தை போதும். பொன்னி அரிசி, பருப்பு, பொடி வகைக்கு மாசம் ஒரு தடவை தேக்கா. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் தண்ணீருக்குச் செலவு பண்ணாதீங்க.

மூணு விதமா கணக்கு போடுங்க

புது வீட்டில் என் மாதக் கணக்கு: அறை 700. மளிகை, காய்கறி 140. மதிய சாப்பாடு 22 நாளைக்கு 4.50 வீதம் 99. டீ 35. வார இறுதியில் வெளியே 50. மொத்தம் 1,024 டாலர். முன்பைவிட மாசம் 136 டாலர் குறைவு. வருஷத்துக்கு 1,632 டாலர், அதாவது சுமார் 77 ஆயிரம் ரூபாய். அதிக வாடகை கொடுத்து மிச்சம் பிடிச்சேன். ஆனா இழந்த 550-ஐ ஈடுகட்டவே நாலு மாசம் ஆச்சு.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். "சமைக்கிறதுதான் எப்பவும் லாபமா?" இல்லை. அதே 550 டாலர் அறையில் இருந்து, மதியம் 4.50, ராத்திரி 5 டாலர் என்று ரெண்டு வேளையும் உணவங்காடியிலேயே சாப்பிட்டிருந்தால் மாசம் 285. டீ 35, காலைக்கு ரொட்டி, பழம் 60. மொத்தம் 930 டாலர். மூணுலயும் மலிவு இதுதான்! என் கூட வேலை பார்த்த ஒரு மதுரைக்காரர் ரெண்டு வருஷமும் இப்படியே இருந்தார், நல்லாவும் இருந்தார். எனக்கு ராத்திரி தயிர் சாதம் இல்லைன்னா வயிறு கேட்காது. அதனால எனக்கு 1,024 தான் சரியான விலை.

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். பட்ஜெட் போடும்போது வாடகை ஒரு வரி, சாப்பாடு ஒரு வரி என்று பிரிக்காதீங்க. ரெண்டையும் சேர்த்து ஒரே வரியா போடுங்க. இப்போ வாடகையும் சாப்பாட்டு விலையும் 2017-ஐவிட நல்லா ஏறியிருக்கு, எண்கள் மாறும். கணக்கு போடுற முறை மாறாது.

உங்க நாக்கு எந்த வகை என்று கையெழுத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. எச்டிபி வாடகைக்குக் குறைந்தபட்சம் 6 மாசம், தனியார் குடியிருப்புக்கு 3 மாசம் என்பது விதி. அதனால் ‘ஒரு வாரம் தங்கிப் பார்க்கிறேன்’ என்பது வீடுகளில் நடக்காது. முதல் ரெண்டு வாரத் தங்கலுக்கு கம்பெனியிடம் கேளுங்க. தராவிட்டால் உரிமம் உள்ள ஹாஸ்டலில் இருங்க. அந்த ரெண்டு வாரமும் இந்திய ரெஸ்டாரண்ட் பக்கம் போகாதீங்க. பதினாலு நாள் உணவங்காடி சாப்பாடு ஒத்துக்கிட்டால் ‘சமையல் கூடாது’ அறை உங்களுக்கு லாபம். இல்லையென்றால் கூடுதல் வாடகையைத் தயங்காம கொடுங்க.

கையெழுத்துக்கு முன்னாடி

1. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் பதிவேட்டில் தேடிப் பாருங்க, ஆன்லைனில் இலவசம். எச்டிபி வாடகையில் வாடகைப் பணம், முன்பணம் எதையும் ஏஜென்ட் கையால் வாங்கவே கூடாது என்பது விதி. கேட்டால் ஒதுங்கிடுங்க. வீட்டை நேரில் பார்க்காமல் இந்தியாவிலிருந்தே முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

2. வீட்டுக்காரர் வீவக அனுமதி வாங்கி உங்க பெயரைப் பதிவாரா என்று கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

3. முத்திரை வரி பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான். நாலு வருஷத்துக்குட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாசம் 1,000 டாலர், 12 மாசம் என்றால் 48 டாலர். இந்த வரி கட்டின ரசீதுதான் ஒப்பந்தத் தகராறு வந்தால் உங்களுக்குக் கை கொடுக்கும்.

4. பாதியில் வெளியேறினால் என்ன ஆகும்? வேலை போனாலோ ஊர் மாறினாலோ நோட்டீஸ் கொடுத்து வெளியேற அனுமதிக்கிற ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ இருக்கா? நான் படிக்காம விட்ட பக்கம் இதுதான்.

5. ஏசி எந்த நேரத்தில் போடலாம், கரண்ட் பில்லுக்கு வரம்பு உண்டா, ஏசி சர்வீஸ் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்க. குடிபோகும் நாளில் சுவர், மெத்தை, தரை எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிடுங்க.

வரி: பிடிக்காத பணம் உங்க பணம் இல்லை

இந்தியாவில் சம்பளம் வரும்போதே டிடிஎஸ் பிடிச்சிடுவாங்க. சிங்கப்பூரில் மாதாமாதம் வருமான வரி பிடிக்க மாட்டாங்க. வேலை அனுமதியில் இருக்கிற வெளிநாட்டவருக்கு சிபிஎஃப் பிடித்தமும் கிடையாது. சம்பளம் முழுசா கையில் விழும். அடுத்த வருஷம் ஏப்ரல் 18-க்குள் கணக்கு தாக்கல் பண்ணணும், பிறகு மொத்தமா பில் வரும். வரிக்குரிய வருமானம் 60,000 டாலர் என்றால், உள்நாட்டவர் விகிதத்தில் வரி 1,950 டாலர். மாசம் சுமார் 165 டாலரை வேற அக்கவுண்டில் போட்டு வெச்சால் பில் வரும்போது பதற வேண்டாம். ‘ஜைரோ’ மூலம் வட்டியில்லாத 12 தவணையாகவும் கட்டலாம்.

வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியுற வரைக்கும் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். அது சட்டம். கடைசி மாசச் சம்பளத்தை நம்பி டிக்கெட், நகை எதையும் திட்டமிடாதீங்க.

இந்தியப் பக்கமும் மறக்காதீங்க. வேலைக்காக வெளிநாடு கிளம்புற நிதியாண்டில் நீங்க இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்றால், அந்த வருஷம் ‘நான் ரெசிடென்ட்’. சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நான் ஜூனில் போனதால் முதல் வருஷமே அந்த நிலை கிடைச்சது. ஜனவரியில் கிளம்புறவர் அந்த நிதியாண்டுக்கு ரெசிடென்ட் தான். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வாங்கின சம்பளத்தை இங்கே காட்டணும், இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி கழிவு கேட்கணும். திரும்பி வர்ற வருஷத்துக்கும் இதே மாதிரி நாள் எண்ணிப் பாருங்க. சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்திடுங்க. ஏற்கெனவே இருக்கிற பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், புதுசு தொடங்க முடியாது.

வீட்டுக்குச் சின்னத் தொகை அனுப்ப, 2023-லிருந்து சிங்கப்பூரின் ‘பேநவ்’ நம்ம யுபிஐ-யோடு இணைஞ்சிருக்கு. எந்த வழியில் அனுப்பினாலும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க, கையில் எத்தனை ரூபாய் விழுது என்று ஒப்பிடுங்க.

அப்பாவோட லோன் ஒரு வருஷத்தில் முடியல, பதினாறு மாசம் ஆச்சு. முடிஞ்ச அன்னிக்கு அம்மா வழக்கம்போல "சாப்டியா?" என்றாங்க. போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினேன். ரசம் கொதிச்சுக்கிட்டிருந்தது, பக்கத்துல ஆன்ட்டி கிண்ணத்தோட நின்னாங்க. "யாருடா அது?" என்று அம்மா கேட்க, ரெண்டு பேரும் மொழி புரியாமலே பத்து நிமிஷம் சிரிச்சுப் பேசினாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு லிட்டர் குக்கர் ஒண்ணு, சதுர முள் பிளக்குக்கு அடாப்டர் ஒண்ணு பெட்டியில் வையுங்க. முதல் மாசம் மிச்சம் குறைஞ்சால் வீட்டில் உண்மையைச் சொல்லிடுங்க. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க.

அடுத்த வீடியோவில் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை விரிவா பார்க்கலாம்.